திட்டத்தாள் யாருடையது? அமெரிக்க மேலாய்வாளர்களின் பணிவளர்ச்சி: 2000 முதல் 2024 வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட மேலாய்வாளர்களைப் பற்றி, அதாவது போஸ்ட்டாக்குகளைப் பற்றி எழுதுவோர் ஜெஃப் டேவிஸின் 2005ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடாமல் போவதில்லை. அதற்கு அடிப்படையாக சிக்மா சை அமைப்பு 46 நிறுவனங்களில் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,600 பேர் விடையளித்தனர். முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருந்தனர்; வழிகாட்டியோடு அவர்களுக்குப் பிணக்கும் குறைவு. எழுத்தில் திட்டம் வகுத்துக்கொண்டு தொடங்கியவர்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு அதிகமாகக் கட்டுரைகளை இதழ்களுக்கு அனுப்பினர். சம்பள வேறுபாட்டுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை என்பது டேவிஸின் முடிவு.

எண்களில் குறையில்லை. அவற்றை வாசித்த திசையில்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது. ஒரே காலப்புள்ளியில் எடுத்த கணக்கு அது. திட்டம் நல்ல உறவை உண்டாக்கியதா, நல்ல வழிகாட்டி வாய்த்தவருக்குத் திட்டமும் கூடவே வந்ததா என்பதை அதைக் கொண்டு பிரித்தறிய இயலாது. இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். மேலாய்வாளரோடு உட்கார்ந்து அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கும் பேராசிரியர், தாள் இல்லாவிட்டாலும் பேசியிருப்பார். இன்னொன்று: வெற்றியின் அளவுகோலாகக் கட்டுரை எண்ணிக்கையை வைத்தால், தொழில்துறைக்கோ அறிவியல் இதழியலுக்கோ போக நினைப்பவரின் தேவை அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது.

இந்தக் கோணத்தில் 2007ஆம் ஆண்டின் அமெரிக்கா கம்பீட்ஸ் சட்டத்தின் 7008ஆம் பிரிவை நிதானித்துப் படிக்க வேண்டும். தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் மேலாய்வாளருக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் அவருக்குத் தரப்போகும் வழிகாட்டலை விவரிக்க வேண்டும் என்கிறது அது. எடுத்துக்காட்டாக நான்கைச் சொல்கிறது: பணி ஆலோசனை, நிதி விண்ணப்பம் எழுதும் பயிற்சி, கற்பிக்கும் திறனை மேம்படுத்தல், ஆய்வு நெறிமுறை. முதலாவதை விட்டால் மற்ற மூன்றும் பேராசிரியர் ஆகப்போகிறவருக்கே முதன்மையாகப் பயன்படுபவை. 2009இல் அறக்கட்டளை இதைச் செயல்படுத்தியபோது, பிற துறையினரோடு கூட்டாக ஆய்வு செய்வதையும் பட்டியலில் சேர்த்தது. ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாது என்றது. அந்தப் பக்கம் இல்லாத விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாது.

அந்த ஒரு பக்கத்தை எழுதுபவர் முதன்மை ஆய்வாளர். நிதி கிடைத்த பிறகே ஆள் எடுப்பது வழக்கமாதலால், எழுதும் நேரத்தில் அந்த மேலாய்வாளர் யாரென்று பெரும்பாலும் அவருக்கே தெரியாது. யாரென்றே தெரியாத ஒருவரின் விருப்பத்தை எந்தத் திட்டம் கேட்டறிய முடியும்?

பல்வகைப் பணிகளை நோக்கிய திருப்பம் வேறு வழியாக வந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் ஆண்டை ஒரு புள்ளியில் நிறுத்துவது கடினம். தேசிய அறிவியல் கழகங்களின் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் அதன் விதை உண்டு. 2003இல் தேசிய மேலாய்வாளர் சங்கம் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ஆய்வாளர் தாமே நிரப்பும் தனிநபர் வளர்ச்சித் திட்டத்தை உயிரியல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாசெப் முன்வைத்தது. 2012இல் வெளியான 'மைஐடிபி' என்னும் இணையக் கருவி 20 பணிப்பாதைகளை வரிசைப்படுத்தியது. உயிர்மருத்துவ முனைவர்களில் நிரந்தரப் பேராசிரியர் பாதையில் சேர்வோர் 1993இல் 34 விழுக்காடாக இருந்து 26ஆகச் சரிந்ததாக தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பணிக்குழு சொன்னதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு நலவாழ்வு நிறுவனங்களின் 'பெஸ்ட்' நிதித் திட்டம் தொடங்கி, ஈராண்டுகளில் 17 நிறுவனங்களுக்குப் பரவியது. இவற்றுள் எதையும் 2005ஆம் ஆண்டின் உற்பத்தித்திறன் வாதத்தின் நேர் விளைவாகச் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் இடங்களின் நெருக்கடியே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

2023 டிசம்பரில் நலவாழ்வு நிறுவனங்களின் ஆலோசனைக் குழு, மேலாய்வாளரின் உழைப்பு நேரத்தில் 10 விழுக்காட்டைப் பணிவளர்ச்சிக்கு ஒதுக்கவும், குறைந்தபட்சச் சம்பளத்தை 70,000 டாலராக்கவும் பரிந்துரைத்தது. நேரமும் பணமும் ஒரே பரிந்துரைத் தொகுப்பில் இடம்பெற்றது டேவிஸின் முடிவிலிருந்து தெளிவான விலகல். 2024 மே முதல் அறிவியல் அறக்கட்டளையும் தன் நிதியில் கணிசமாகப் பங்குபெறும் மேலாய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தனிநபர் திட்டம் வேண்டும் என்கிறது. அத்திட்டம் இருப்பதாக ஆண்டறிக்கையில் சான்றளிக்க வேண்டியவர் மட்டும் இன்றும் முதன்மை ஆய்வாளரே.