கேபிளுக்கும் உண்டு டிராயிங் பவர்

கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு லிமிட் வேறு, டிராயிங் பவர் வேறு என்று விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. பத்து லட்சம் லிமிட் கொடுத்திருப்போம். கடையில் சரக்கு குறைந்தால் அந்த மாதம் எடுக்க முடிவது ஏழு லட்சம்தான். கரண்ட் கேபிளுக்கும் இதே கணக்குதான் என்பதும், அதைப் போட்டவர்களில் முன்னோடி நம் பம்பாயில் பிறந்தவர் என்பதும் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் தொடங்கியபோது, செம்புக் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் வைத்துத் தெருவுக்கு அடியில் புதைத்தார். கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும். அந்தச் சூடு வெளியே போக வேண்டும். மண்ணுக்குள் எவ்வளவு போகும்?

1861-ல் பம்பாய் கொலாபாவில் பிறந்த ஆர்தர் கென்னலி, 1887-ல் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். நீரில் மூழ்கிய, மண்ணில் புதைத்த, காற்றில் தொங்கும் கேபிள்கள் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று 1893-ல் ஒரு கட்டுரை எழுதினார். கேபிள் ஒன்றேதான், இடம் மாறினால் தாங்குதிறனும் மாறும். மூன்றடி ஆழத்தில் கேபிள் இருந்தால், தரைக்கு மேலே மூன்றடியில் அதே அளவு சூட்டை உறிஞ்சும் ஒரு நிழல் கேபிள் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். இதைக் 'கென்னலி கருதுகோள்' என்றே பொறியாளர்கள் சொல்கிறார்கள்.

1957-ல் நெஹர், மெக்ராத் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இதை முழுமையான கணக்காக்கினார்கள். கம்பியின் மேலுறை, குழாய், மண்ணின் ஈரம், பக்கத்துக் கேபிளின் சூடு எல்லாம் அதில் வரும். இன்றைய அட்டவணைகளுக்கு இதுதான் அடிப்படை.

இடத்தின் நிலைமை கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் உதாரணம். 1998-ல் நகர மையத்துக்குப் பெரும்பாலும் நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்கள்தான் கரண்ட் தந்தன. அந்தக் கோடை வழக்கத்தைவிட வெப்பம், வறட்சி. காய்ந்த மண் சூட்டைச் சரியாகக் கடத்தாது. ஜனவரி 22-ல் ஒரு கேபிள் போனது. பிப்ரவரி 9-ல் இன்னொன்று. பாரமெல்லாம் மிச்ச இரண்டின் தலையில். 19, 20 தேதிகளில் அவையும் போய்விட்டன. கேபிள்களின் வயது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சுமார் ஐந்து வாரம் நகர மையமே தவித்தது. அலுவலகங்கள் புறநகருக்கு ஓடின, அடுக்குமாடிக்காரர்கள் வேறு இடம் தேடினார்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டு அட்டவணைகள் சுற்றுக்காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்கின்றன. சாதாரண பிவிசி கேபிள் 70 டிகிரி வரை தாங்கும். அதாவது 30 டிகிரி சூடேற இடம் உண்டு. கூரைக்கு அடியில், வெயில் படும் சுவரில் 50 டிகிரி இருந்தால் மிச்சம் 20 டிகிரிதான். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 100 ஆம்பியர் என்று போட்ட கேபிள் அங்கே சுமார் 82 ஆம்பியர்தான் தாங்கும். அதே குழாயில் இன்னும் நாலு கம்பியைத் திணித்தால் அதுவும் குறையும்.

வேலைக்காக ஊர் ஊராக மாறி வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்கள், நாக்பூர், டெல்லி மாதிரி இடங்களில் ஒவ்வொரு கோடையிலும் இரண்டாவது ஏசி மாட்டுகிறோம். "எத்தனை எம்எம் வயர்?" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் போதாது. எந்த வழியாகப் போகிறது, அதே குழாயில் வேறு என்னென்ன ஓடுகிறது என்றும் கேளுங்கள். ஏசிக்குத் தனிக் குழாயில் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்சிபி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு குறைந்த கடைக்கு லிமிட்டை ஏற்றிக் கொடுப்பது மாதிரிதான் அது. வங்கியில் அப்படிச் செய்தால் கடன் வாராக்கடன் ஆகும். வீட்டில் சுவருக்குள் தீப்பிடிக்கும்.