மஸ்டர் ரோலில் இல்லாதவர்கள்

தேங்காய்ப்பட்டணத்தில் எங்க ஊரை ஒட்டி ஒரு கால்வாய் கிடக்கிறது. ஏ.வி.எம். கால்வாய் என்பார்கள். விரித்துச் சொன்னால் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். அனந்தன் பத்மநாபசாமி, விக்டோரியா இங்கிலாந்து ராணி, மார்த்தாண்டன் திருவிதாங்கூர் ராஜா. 1860இல் நடந்த வேலை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை போக வேண்டியது, முழுசாக முடியவில்லை. பேரில் ஒரு சாமி, ஒரு ராணி, ஒரு ராஜா உண்டு. மம்பட்டி பிடித்தவன் இல்லை.

அவன் யார்? திருவிதாங்கூரில் சர்க்காருக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் வேலை வாங்கியதற்கு ஊழியம் என்று பேர். அதற்கும் கீழே, வாங்கவும் விற்கவும் அடிமைகளாகக் கிடந்தவர்கள் பறையரும் புலையரும். 1855இல் பிரகடனம் போட்டு அடிமைமுறையை ஒழித்தார்கள். நிலம் கொடுத்தார்களா? அதைக் கேட்கக் கூடாது. ஐந்து வருஷம் கழிந்து கால்வாய் வெட்டும்போது, நேற்றுவரை அடிமையாகக் கிடந்தவனுக்கு வேறு என்ன சோலி கிட்டியிருக்கும்?

பேச்சிப்பாறை அணையும் அப்படித்தான். 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரைக்கு அங்கேயே கல்லறை இருக்கிறது. மூக்கன் துரை என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். நல்ல எஞ்சினியர்தான், மறுக்கவில்லை. கல் சுமந்த ஒருவன் பேரையாவது யாராவது சொல்லட்டும்.

ராஜா போனார். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கண்டிராக்டர் வந்தான், அவனுக்கும் மேலே கம்பெனி வந்தது.

நான் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் ஆறு வருஷம் கிடந்தவன். பேர் வேண்டாம். வடக்கே மேம்பால வேலை, கம்பி கட்டு. தலையில் கம்பெனி பேர் போட்ட மஞ்சள் ஹெல்மெட். காலையில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, பாதுகாப்பு உறுதிமொழி. பார்த்தால் நாங்களும் கம்பெனிக்காரர்கள்தான். ஆனால் கூலி வருகிற வழி வேறு. கம்பெனி கண்டிராக்டருக்குக் கொடுக்கும், அவன் சப்-கண்டிராக்டருக்கு, அவன் மேஸ்திரிக்கு, மேஸ்திரி எங்களுக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

தகர ஷெட்டில் நம்ம ஜில்லாக்காரன் வந்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு, எந்தச் சபை?" ஜெபம் பண்ணுவதற்காகக் கேட்கிற கேள்வி அல்ல. பதில் சொன்ன மறுநாள் எனக்குக் கக்கூஸ் பக்கத்து மூலை கிடைத்தது.

ஒருநாள் மேஸ்திரியிடம், "அண்ணே, ரோலில் எனக்க பேரு உண்டா?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்குலே? கூலி கிட்டுதில்லா?"

எங்கள் செட்டில் எப்போதும் 19 பேர்தான். இருபதாவது ஆள் வந்தால் அவனை வேறொருத்தன் கணக்கில் எழுதுவார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, 20 பேரும் அதற்கு மேலும் வைத்திருந்த கண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது, பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. அவன் கூலி தராவிட்டால் மேலே இருக்கிற கம்பெனி தர வேண்டியிருந்தது. அப்படியானால் 19தான் லாபம்.

எங்களோடு இருந்த ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபீசில் போய் நின்றால், "அப்படி ஒரு ஆளே எங்க ரோலில் இல்லை" என்றார்கள். மேஸ்திரி அன்றைக்கு ராத்திரியே ரயிலேறிவிட்டான். சங்கத் தோழர் ஒருவர்தான் ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்கச் சொன்னார். அதில் இருந்தது: ஹெல்மெட் ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, பெல்ட் ஒன்று, எதிரே அவன் கையெழுத்து. ஆளுக்குக் கணக்கில்லை, பூட்ஸுக்குக் கணக்கு உண்டு. அந்தப் பக்கத்தின் நகலை வைத்துத்தான் நஷ்டஈட்டுக் கேஸ் நடந்தது. பதினாலு மாதம் கழிந்து பணம் வந்தது, கேட்டதில் பாதி.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்த இருபதை ஐம்பதாக உயர்த்தியது. இனி 49 பேர்வரை இதே விளையாட்டு நடக்கும். வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகள் ஸ்டோரில் கையெழுத்துப் போடும்போது இனிஷியலோடு நிறுத்த வேண்டாம். முழுப்பேரும் ஊரும் தேதியும் எழுதட்டும். அந்தப் பக்கத்தை செல்போனில் ஒரு படமும் எடுத்து வைக்கட்டும்.