லின்னேயும் லோணாரும்

பிறை கண்ட பத்தாம் இரவளவில் மாவடிப்பள்ளி வயல்வெளியிலிருந்து சிறு தொலைநோக்கியில் பார்த்தால், நிலவின் செரனிட்டாட்டிஸ் சமவெளியில் ஒரு வெண்புள்ளி தெரியும். அதுவே லின்னே குழி, குறுக்களவு 2.2 கிலோமீற்றர். அதற்கு நிகராக மகாராஷ்டிரத்தின் லோணாரை வைக்கலாம். குறுக்களவு சுமார் 1.8 கிலோமீற்றர். இரண்டும் பசால்ட் பாறையில் விண்கல் மோதிப் பறித்தவை. புவியில் பசால்ட் மேல் உண்டான மோதற்குழிகள் மிக அரிது என்பதால் இந்த இணை மதிப்புடையது.

வயதில்தான் முதல் வியப்பு. லின்னேக்கு ஏறத்தாழ 1 கோடி ஆண்டு என மதிப்பிடுகிறார்கள். லோணாருக்கு ஒரு கணிப்பு 50 ஆயிரம் என்கிறது, மற்றொன்று 5 இலட்சத்து 70 ஆயிரம் என்கிறது. எதைக் கொண்டாலும் லோணாரே இளையது. ஆயினும் மூப்புத் தெரிவது அதில்தான். மழை அதன் சுவரை அரித்தது, ஓடைகள் வண்டலைக் கொண்டுவந்து அடியை நிரப்பின. காற்றும் நீரும் இல்லாத லின்னேயின் விளிம்போ இன்னும் கூராகவே நிற்கிறது.

எதிர்பாராத உறவு, இரண்டையும் மனிதர் படித்த விதத்தில் இருக்கிறது. 1866இல் ஏதென்ஸ் வானாய்வகத்தின் யூலியஸ் ஷ்மிட், லின்னே குழி மறைந்து வெண்மேகம் போன்ற ஒன்றே எஞ்சியதாக அறிவித்தார். நிலவில் எரிமலை இன்னும் உயிரோடிருக்கிறதா என்ற விவாதம் மூண்டது. லோணாரையும் நெடுங்காலம் எரிமலை வாயென்றே பலர் கருதினர். 1971இல் அப்பலோ 15 எடுத்த படங்கள் லின்னே சிதையாத சிறு குழி என்று காட்டின. 1973இல் லோணாரில் மாஸ்கலினைட் கிடைத்த செய்தி வெளியாயிற்று. பேரதிர்ச்சியால் கண்ணாடியான இக்கனிமத்தை எரிமலை உண்டாக்காது. ஈராண்டு இடைவெளியில் இரு வழக்குகளும் தீர்ந்தன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

சுற்றுப்புறங்கள் வேறானவை. லின்னேயைச் சூழ்ந்திருப்பது சிதறிய பாறைத்தூளின் வெண்வளையம் மட்டுமே. லோணாரில் காரநீர் ஏரி, காடு, பழங்கோயில்கள். 2020 ஜூனில் அவ்வேரி இளஞ்சிவப்பானது, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால். ஷ்மிட் கண்ட மாற்றத்துக்கு ஒளியின் சாய்வே காரணமாக இருந்திருக்கலாம். இங்கே நிறம் மெய்யாகவே மாறியது.

லின்னேயிலிருந்து ஒரு கல்லும் இதுவரை நம் கைக்கு வரவில்லை. அங்குள்ள பசால்ட் அடிபட்டு என்னவாகியிருக்கும் என்பதை லோணார்க் கற்களிடம் கேட்கிறோம். லோணார் இழந்த வடிவத்தை லின்னேயின் அளவுகளிலிருந்து ஊகிக்கிறோம், நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒன்றே என்பதையும் கணக்கில் கொண்டு.