முத்திரை எதற்குச் சான்று? திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டார ஆவணங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கொள்ளிடத்தின் வடகரையில், இலால்குடிக்கு அருகே உள்ளது அன்பில். இவ்வூரின் பெயரால் அறியப்படும் செப்பேட்டுத் தொகுதி சுந்தர சோழனின் 4ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நிலக்கொடை பெற்றவர் அவனுடைய அமைச்சர் அநிருத்த பிரம்மாதிராயர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தோர் அனைவரும் அறிந்த அதே அன்பில் அநிருத்தர்தான். அவர் முன்னோர் திருவரங்கத்துப் பெருமாளுக்குத் தொண்டு செய்த குடியினர் என்பதையும் இச்செப்பேடே கூறுகிறது. அரசன் தன் அமைச்சருக்கே நிலம் தரும்போதும் அதைச் செம்பில் எழுதி, வளையத்தில் கோத்து, முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியிட்ட முத்திரை எதற்குச் சான்றாயிற்று, எதற்குச் சான்றாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சோழர் முத்திரையின் உருவங்கள் பலரும் அறிந்தவை: அமர்ந்த புலி, அதன் முன் பாண்டியரின் இரு கயல்கள், சேரரின் வில், மேலே குடை, பக்கங்களில் கவரிகள், சுற்றிலும் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம். ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் இந்த உருவங்களின் மீதே நின்றுவிடுகிறது. முத்திரை எங்கே, எப்படிப் பொருத்தப்பட்டது என்பதை அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஏடுகளின் துளை வழியே செப்பு வளையத்தை நுழைத்து, அதன் இரு முனைகளையும் முத்திரைக் கட்டியின் அடியில் சேர்த்துப் பற்றவைத்தார்கள். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. அரசன் பெயரைச் சொன்னதோடு, ஏடுகளின் முழுமைக்கும் அந்த முத்திரையே காவலாக இருந்தது. படியெடுப்பதற்காக வளையத்தை வெட்டிய பின் இந்தக் காவல் மறைந்துவிடுகிறது. ஆகவே செப்பேடு முதலில் கைக்கு வந்தபோது வளையம் வெட்டப்பட்டிருந்ததா என்பதைக் கல்வெட்டறிஞர்கள் தவறாமல் குறித்துவைக்கிறார்கள்.

ஆயினும் சோழர் ஆட்சி இந்த உலோகக் கட்டியை மட்டும் நம்பியிருக்கவில்லை. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் ஓலையில் எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் அதை ஒப்பு நோக்கினார். புரவுவரித் திணைக்களத்தார் வரிக்கணக்கில் மாற்றம் செய்தனர். திருமுகம் எனப்பட்ட அந்த ஆணையோலை வட்டார அவையினரான நாட்டாரிடம் வந்து சேர்ந்ததும் அவர்கள் எதிர்கொண்டு பணிந்து தலைமேல் வைத்து ஏற்றார்கள். பின்னர்ப் பிடியானையை நடத்தி எல்லையைச் சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு, தாங்கள் செய்ததை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். ஆனைமங்கலக் கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகள் இந்த நடைமுறையை விரிவாகக் காட்டுகின்றன. ஆணை அரசனுடையதுதான் என்பதற்கு முத்திரை சான்று. எந்த நிலம், எதுவரை, யாருக்கு என்பதற்கு அந்த நிலத்தைச் சுற்றி நடந்தவர்களே சான்று.

திருவரங்கம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியாகத் தனி நூலாகவே வெளிவந்துள்ளன. அவற்றில் முத்திரை கிடையாது. கல் என்பது ஓலையில் வந்த ஆணையின் படி. எல்லோரும் பார்க்கும் மதிலில் அது நிற்பதே அதற்கு வலிமை.

விஜயநகர காலத்தில் செப்பேட்டு முத்திரையின் ஏற்பாடு மாறியது. வராகமும் சூரிய சந்திரரும் முத்திரையில் இடம்பெற்றன. ஏட்டின் முடிவில் ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்று கன்னட எழுத்தில் பொறிப்பது அரசரின் ஒப்பமாயிற்று. திருமால் அடியாரான கிருஷ்ணதேவராயரின் செப்பேடுகளும் இந்தச் சிவநாமத்தோடுதான் முடிகின்றன. ஆரவீட்டு மரபின் இரண்டாம் வேங்கடர் காலத்தில்தான் ‘ஸ்ரீ வேங்கடேச’ என்பது அந்த இடத்துக்கு வந்தது. ஒப்பம் அரசரின் சொந்தப் பக்தியைச் சொல்வதாக இருந்தால் கிருஷ்ணதேவராயர் அதை மாற்றியிருப்பார். ஆள் மாறினாலும் மாறாத அரசுக் குறியாக அது நிலைபெற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

முத்திரைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள பிளவு வெட்டவெளிச்சமானது 1752இல், திருச்சிக் கோட்டையில். ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரை ஆதரித்த பிரெஞ்சுப் படையும் நகரை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். உள்ளே இருந்த நவாப் முகமது அலி, மைசூர் நஞ்சராஜாவின் துணையைப் பெறுவதற்காக, போர் முடிந்ததும் திருச்சியையே தருவதாக இரகசியமாக எழுதி முத்திரையிட்டுக் கொடுத்திருந்தார். ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா திருவரங்கத்தில் சரணடைந்தார்; சந்தா சாகிபு கொல்லப்பட்டார். உடனே மைசூரார் எழுதிக் கொடுத்ததைக் காட்டி நகரைக் கேட்டனர். நவாபுக்குத் துணைநின்ற ஆங்கிலேயருக்கே அப்போதுதான் செய்தி தெரிந்தது.

அக்காலப் போர் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கும் நவாபின் வாதம் ஊன்றிப் படிக்கத்தக்கது. முத்திரை தன்னுடையதல்ல என்று முகமது அலி சொல்லவில்லை. திருச்சி முகலாயப் பேரரசருக்கு உரியது, தான் அவருடைய பிரதிநிதி மட்டுமே, கொடுக்கும் அதிகாரம் தனக்கில்லை என்றார். ஈடாக மதுரையைத் தருவதாகவும் சொன்னார். அதிகாரமில்லை என்பது முத்திரையிட்ட அன்றே அவருக்குத் தெரியாதா? நெருக்கடி தீர்ந்த பின் எடுத்த வாதம் இது. நஞ்சராஜாவின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் சட்டநோக்கில் நவாப் தொட்ட இடம் சரியானது. முகலாய மரபில் ஓர் அதிகாரியின் முத்திரை அவருடைய பெயரையும், பேரரசர் அளித்த பட்டங்களையும், ஆண்டையும் தாங்கியது. மேலிடத்திலிருந்து பெற்ற அதிகாரத்தின் அளவே அதன் செல்லுபடி. மைசூர்ப் படை திருவரங்கத்திலேயே தங்கி, பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து, 1755 வரை திருச்சியை அலைக்கழித்தது. பொய்யில்லாத ஒரு முத்திரைக்காக இப்பகுதி மக்கள் பட்ட துன்பம் பெரிது.

1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த சமாதானப் பேச்சில் இதன் மறுபக்கம் தெரிந்தது. பிரெஞ்சுத் தரப்பு காட்டிய முகலாய ஆவணங்களின் முத்திரையை ஆங்கிலத் தரப்பு ஏற்க மறுத்தது, பேச்சு முறிந்தது. திருச்சியில் அதிகாரம் வழக்கானது, இங்கே முத்திரையே வழக்கானது.

1801இல் நவாபின் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேராட்சிக்கு வந்தது. 1858இல் அமைந்த சென்னை இனாம் கமிஷன் பழைய செப்பேடுகளையும் சனதுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தது. ஆனால் ஆவணத்தோடு அனுபோகத்தையும், அதாவது நிலம் உண்மையில் யார் கையில் இருந்தது என்பதையும், விசாரித்தே மானியங்களை உறுதிசெய்தது. பிடியானை நடத்திய நாட்டாரின் இடத்தில் இப்போது கணக்குப் பதிவேடு.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பதிவாளர்களும் சார்பதிவாளர்களும் முத்திரை பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதில் ஆள்பெயர் இல்லை, பட்டம் இல்லை. பதவியும் ஊரும் மட்டுமே உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு ஏற்ற கோபுரச் சின்னமும் ஆளும் ஒருவரைக் குறிப்பதன்று. அதே பதிவுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, முத்திரையிட்ட பதிவுச் சான்றின் எல்லையையும் வரையறுக்கிறது. ஆவணம் முறைப்படி பதிவானது, மேற்குறிப்பில் கண்டவை நடந்தன என்பவற்றுக்கு அது சான்று. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வாங்குபவர் தனியே பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

விற்பவரின் உரிமைக்கு ஆதாரம் இல்லையென்றால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55அ(1)ஐ 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையன்று என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.