வெயிலில் வைத்த போத்தல்: கிருமிகளைக் கொல்லும் சூரிய ஒளி

கரைத்தீவு போன்ற புத்தளம் மாவட்டக் கரையோரக் கிராமங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. நல்ல குடிநீருக்குத்தான் தட்டுப்பாடு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்ததும் இம்மாவட்டத்தில்தான். அசுத்த நீரால் வரும் வயிற்றோட்டம் ஒரு குழந்தையை எவ்வளவு விரைவில் வாட்டிவிடும் என்பது முகாம் வாழ்வை அறிந்தவர்களுக்குத் தெரியும். நீரைக் கொதிக்க வைக்க விறகும் மண்ணெண்ணெயும் இல்லாத வேளையில் வெயிலே கைகொடுக்கும்.

இதை எடுத்துக்காட்டியதும் போர் நடந்த ஒரு நாடுதான். லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஃப்தீம் அக்ராவும் அவருடைய குழுவினரும், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு–சீனிக் கரைசலை வெயிலில் வைத்தே கிருமிநீக்கலாம் என்று கண்டறிந்தனர். அவர்களின் ஆய்வு 1980இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியானது. 1991 முதல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் அதனை வீடுகளுக்கேற்ற முறையாக வளர்த்தெடுத்தனர்.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் மிகக் கடுமையானவற்றை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. நிலத்தை வந்தடைபவற்றில் பெரும்பகுதி 'ஏ' வகைக் கதிர்களாகும். அவை நீரிலுள்ள ஒட்சிசனைத் தூண்டிக் கிருமியின் உயிரணுவைச் சிதைக்கின்றன. சிறிதளவில் வரும் 'பி' வகைக் கதிர்கள் அதன் மரபணுவை நேரடியாகப் பழுதாக்குவதால் கிருமி பெருக முடியாமற் போகிறது. நீரின் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டினால் இவ்வேலை இன்னும் விரைவாக நடக்கும்.

செய்முறை எளிது. நிறமற்ற, கீறல் விழாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் குடிநீர்ப் போத்தலை எடுத்து, அதன் லேபலை உரித்துக் கழுவுங்கள். தெளிந்த நீரை நிரப்பி மூடி, தகரக் கூரையில் படுக்க வைத்து, நல்ல வெயிலில் 6 மணி நேரம் விடுங்கள். வானம் பாதிக்கு மேல் முகில் மூடியிருந்தால் 2 நாட்கள் தேவை. விடாமழையில் இம்முறை பயன்படாது. நீர் கலங்கியிருந்தால் முதலில் தெளியவைத்துத் துணியில் வடியுங்கள். கலங்கல் கதிர்களை மறைத்துவிடும். வெயில் காய்ந்த நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவைக்காமல் அதே போத்தலிலேயே வைத்துக் குடியுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. வெயில் கிருமிகளை மட்டுமே கொல்லும். கிணற்று நீரிலுள்ள உவர்ப்பையோ, தோட்டங்களிலிருந்து கசியும் உர நைத்திரேற்றையோ, பீடைநாசினியையோ அது அகற்றாது. சில ஒட்டுண்ணிகள் வெயிலையும் தாங்கி நிற்கும். ஆகவே அடுப்பெரிக்க வழியுள்ளவர்கள் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.