கத்திக்குப் பதில் ஊசி: பன்றிப் பண்ணையின் ஒரு சின்ன வரலாறு

கிறிஸ்துமஸ் வந்தால் ராயபுரம் பக்கம் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பன்றிக்கறி விண்டாலு கொதிக்கும். வினிகரையும் பூண்டையும் மீறி மூக்கில் ஏறும் ஒரு வாடை உண்டு. பருவத்துக்கு வந்த ஆண் பன்றிகள் சிலவற்றின் கறியில் வரும் மூத்திர நெடி அது. விரையில் உருவாகும் ஆண்ட்ரோஸ்டெனோனும் குடலில் உருவாகும் ஸ்கேட்டோலும் கொழுப்பில் தங்கி, சட்டி சூடானதும் வெளியே வரும்.

இதற்குப் பண்ணைக்காரர்கள் கண்ட வைத்தியம் காயடிப்பது. குட்டி பிறந்த சில நாளிலேயே, பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல்!

1950களில் மிருகவதைக்கு எதிராக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் வருடச் சட்டம். ஆனால் அதன் 11ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: விதிப்படி செய்தால் காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது எதுவும் வதை ஆகாது. வலிக்காது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வேறு வழி கையில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வேறு வழி பிறந்த கதைதான் வேடிக்கை. விரையை இயக்கச் சொல்லி மூளையிலிருந்து கிளம்பும் ஹார்மோனின் அமைப்பை 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டுபிடித்தது. எதிலிருந்து? வெட்டப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துணுக்குகளிலிருந்து! ஷாலிக்கு 1977இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த ஹார்மோனைப் போன்ற ஒரு துண்டை வேறொரு புரதத்தோடு ஒட்டி ஊசி போட்டால், உடம்பு தன் ஹார்மோனையே எதிரியாக நினைத்துத் தடுத்துவிடும். விரை சுருங்கும், வாடையும் போகும். டெல்லியில் ஜி.பி. தல்வார் இதே ஹார்மோனுக்கு எதிராக ஒரு தடுப்பூசி செய்தார். அது மனிதர்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்டது. பன்றிக்கான ஊசி 1998இல் ஆஸ்திரேலியாவில் 'இம்ப்ரோவாக்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவது ஊசி வரை பன்றி ஆணாகவே வளர்வதால் தீவனம் மிச்சம், கொழுப்பும் குறைவு. இது வரவு. செலவுப் பக்கத்தில் மருந்து விலை, கொழுத்த பன்றியைப் பிடிக்கும் கூலி, ஒன்றுக்கு ஊசி தவறினால் மறுபடி அதே வாடை. போடுகிறவர் தவறித் தன் கையிலேயே குத்திக்கொண்டால் அவருக்கும் ஆபத்து. அதனால் தனிப் பாதுகாப்பு ஊசிக் கருவி வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அனுமதித்தது, அமெரிக்கா 2011இல். பிரேசிலில் நன்றாகவே ஓடியது. ஐரோப்பாவில்தான் சிக்கல். அறுவைக் காயடிப்பை 2018க்குள் நிறுத்துவோம் என்று 2010இல் பிரஸ்ஸல்ஸில் விவசாயிகளும் இறைச்சித் துறையும் கையெழுத்திட்டார்கள். நடக்கவில்லை. ஊசியில் ஹார்மோனே இல்லை. ஆனாலும் 'ஹார்மோன் கறி' என்று வாங்குபவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் இறைச்சிக் கூடங்களுக்கு. பண்ணைக்காரர் பாவம், கூடம் வாங்காத பன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மயக்கமில்லாமல் காயடிப்பதை ஜெர்மனி 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதன் பிறகும் அங்கே ஊசிக்கு மாறியவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஐசோஃப்ளூரேன் வாயு கொடுக்கும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, கத்தியையே தொடர்ந்தார்கள்.