மனச்சோர்வு மருந்தைக் குறைத்து நிறுத்தல்

மனச்சோர்வுக்காகவோ பதற்ற நோய்க்காகவோ மாதக்கணக்கில் உட்கொண்டுவந்த மாத்திரையை, மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறை. செர்ட்ராலின், எசிட்டலோபிராம், ஃபுளுவோக்சமின், ஃபுளுவோக்செட்டின், வென்லாஃபாக்சின் முதலிய மருந்துகளுக்கு இது பொருந்தும். மதுவைப் போலவோ போதைப் பொருளைப் போலவோ இவை ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனாலும் மூளை இவற்றுக்குப் பழகிவிடுவதால், ஒரே நாளில் விட்டால் உடல் சும்மா இருப்பதில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோப்பெங், ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த ஊர். தோட்ட டிஸ்பென்சரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் கொடுத்த மருந்தை வாங்கிக் குடித்த தலைமுறைக்கு, காய்ச்சல் விட்டதும் மருந்தையும் விடுவதுதான் வழக்கம். மனச்சோர்வு மருந்துக்கு அந்த வழக்கம் உதவாது. இங்கே இன்னொரு தடையும் உண்டு. கோப்பெங் அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில் மனநோய் என்றதும் நினைவுக்கு வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை, 1971 முதல் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. ஊர்ப் பெயரே ஏச்சுச் சொல்லாகிப்போனதால், மாத்திரை சாப்பிடுவதை வீட்டாரிடம்கூட மறைப்பவர்கள் உண்டு. மறைத்துச் சாப்பிடுபவர் மறைத்தே நிறுத்தவும் செய்வார். இந்த மருந்துகளை விடுவதில் சிக்கல் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எப்போது நிறுத்தலாம்

நலமாக உணரத் தொடங்கிய நாள் மருந்தை நிறுத்தும் நாள் அல்ல. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, அறிகுறிகள் முற்றிலும் நீங்கிய பிறகும் 6 முதல் 9 மாதங்கள் மருந்தைத் தொடரச் சொல்கிறது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இந்தக் காலம் நீளும். வீட்டில் சாவு, வேலை இழப்பு, குழந்தைப்பேறு, வீடு மாறுதல் போன்றவை நடக்கும் சமயத்தில் குறைப்பைத் தொடங்காமல் இருப்பது நல்லது. இருமுனை நோய் உள்ளவர்களும், முன்பு தற்கொலைக்கு முயன்றவர்களும் மனநல நிபுணரைக் கலந்தாலோசித்த பிறகே தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நெடுங்காலமாக மருந்து உட்கொண்டு நலமாக இருந்த 478 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தோரில் 39 விழுக்காடு. குறைத்து நிறுத்தியோரில் 56 விழுக்காடு. இதை அச்சுறுத்தலாக மட்டும் படிக்க வேண்டியதில்லை: நிறுத்தியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அந்த ஓராண்டைச் சிக்கலின்றிக் கடந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவராக நாம் இருப்போமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இல்லை. கண்காணிப்பின் தேவை அதனால்தான்.

கடைசிப் படி

குறைப்பில் பலரும் தடுமாறும் இடம் இது. பாதி மாத்திரை, பிறகு கால், பிறகு நிறுத்து என்ற கணக்கு எளிமையாகத் தெரியும். மூளைக்குள் நடப்பது வேறு. செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதங்களில் எத்தனை பங்கை மருந்து பிடித்துவைக்கிறது என்பதைப் படமெடுத்து அளந்திருக்கிறார்கள். சிட்டலோபிராம் 40 மில்லிகிராமில் அந்தப் பங்கு சுமார் 86 விழுக்காடு. 20 மில்லிகிராமில் சுமார் 80. அளவைப் பாதியாக்கியும் ஆறு விழுக்காடுதான் இறங்கியிருக்கிறது. ஆனால் ஏறத்தாழ ஐந்தரை மில்லிகிராமில் அது 60, மூன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே 50. அங்கிருந்து ஒரேயடியாகச் சுழியத்துக்குப் போனால், முதல் 20 மில்லிகிராமைக் குறைத்தபோது நேர்ந்ததைப் போல எட்டு மடங்கு மாற்றத்தை மூளை ஒரே நாளில் தாங்க வேண்டும். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2019இல் இந்தக் கணக்கை முன்வைத்து, அளவு சிறுக்கச் சிறுக்கக் குறைப்பும் சிறுக்க வேண்டும் என்றார்கள். 2022இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டியும் அந்தத் திசையில் நகர்ந்தது: ஒவ்வொரு படியிலும் முந்தைய அளவின் ஒரு பங்கை மட்டும் குறைப்பது, தொடக்கத்தில் பாதி, பிறகு கால் பங்கு, மாத்திரையால் முடியாத நுண்ணளவுக்குத் திரவ மருந்து.

திரவ மருந்து எல்லா இடத்திலும் கிடைக்காது. மாத்திரையை எவ்வளவு துல்லியமாகப் பிளக்கலாம் என்பதை மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட வென்லாஃபாக்சின் வகைகளை நசுக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது பலர் தாமாகக் கண்டுபிடிக்கும் வழி. இரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதால் பெரும்பாலான மருந்துகளுக்கு அது கெடுதலே செய்யும். உடலில் நாள்கணக்கில் தங்கும் ஃபுளுவோக்செட்டின் இதற்கு விலக்கு. சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் வென்லாஃபாக்சின், அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தங்கும் பாராக்செட்டின் இரண்டும் விடுவதற்குக் கடினமானவை.

அறிகுறிகள்

மருந்தைக் குறைக்கும்போதோ விட்ட பிறகோ தோன்றக்கூடியவை: தலைச்சுற்றல், குமட்டல், சளிக்காய்ச்சல் போன்ற உடல்வலி, தூக்கமின்மை, தெளிவான கெட்ட கனவுகள், எரிச்சல், காரணமில்லாத அழுகை. தலைக்குள் மின்சாரம் வெட்டி மறைவது போன்ற உணர்வு இவற்றுள் தனித்துவமானது. 2024இல் வெளியான தொகுப்பாய்வில், நிறுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அறிகுறி தோன்றியது. மருந்து கலக்காத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவருக்குத் தோன்றியது. கடுமையான அறிகுறி கண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான்.

இது மருந்தை விட்டதன் விளைவா, நோயே திரும்பிவிட்டதா? விட்ட சில நாள்களில் தொடங்கி, தலைச்சுற்றல் போன்ற உடற்குறிகளோடு வந்து, பழைய அளவைத் திரும்ப எடுத்ததும் ஓரிரு நாளில் தணிந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. வாரங்கள் கழித்து மெல்ல மெல்ல ஆர்வமும் பசியும் தூக்கமும் குன்றினால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணேறு என்றும் செய்வினை என்றும் சொல்லிக் காலம் கடத்துவதும், தூக்கத்துக்காகச் சம்சு சாராயத்தைத் தேடுவதும் நிலைமையை மோசமாக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கோப்பெங்கில்

மலேசியாவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து மனநலச் சேவை அரசாங்கக் கிளினிக்குகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே தொடர் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் உலு கிந்தாவுக்கோ ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ போக வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய மருத்துவமனையில் எழுதிய மருந்தை அருகிலுள்ள கிளினிக்கில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. குறைப்புக் காலத்தில் அதற்கென ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது உதவும்: தேதி, அளவு, தூக்கம், அறிகுறி. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரம் விடுவது பொது வழக்கம். தொல்லை வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி, நிலைப்பட்ட பிறகு இன்னும் சிறிய படியாக இறங்கலாம். ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவருக்கு மொத்தப் பயணம் பல மாதம் ஆகக்கூடும்.

கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஆறு மாதங்களுக்குச் சந்திப்புகள் தொடர வேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பு அந்தக் காலத்தில்தான் அதிகம். மிஞ்சிய மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காமல் மருந்தகத்திலேயே திருப்பித் தந்துவிட வேண்டும்.